கோடு விழாத முகம்

நஜீமுதீனின் முகத்தில் ஒரு கோடுகூட விழவில்லை.

சாகிரா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி மவுஸை அழுத்தினாள். பெரம்பலூர் ஸ்டுடியோ ஒன்றுக்காக லப்பைக்குடிகாட்டில் தன் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் செய்து கொடுப்பவள் அவள். இரண்டு கலர் போட்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டிலும் ஒன்றுபோல இருக்கும் புள்ளிகளைத் தேடிப்பிடித்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுத்துவிடும் அவளுடைய கம்ப்யூட்டர். ஒரே ஆள் என்றால் மச்சம், மூக்கு நுனி, காது மடல் என்று ஐம்பது அறுபது கோடு சர்வசாதாரணமாக விழும். நாலு வருஷம் கழித்துச் சவுதியிலிருந்து வந்திருக்கும் புருஷன் நஜீமுதீனின் பழைய படத்தையும் புதுப் படத்தையும் சேர்த்து ஆல்பத்தில் ஒரு பக்கம் போட ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். பின்னாலிருந்த ஜன்னல் கம்பிக்குக் கோடு விழுந்தது. கதவுக்கு விழுந்தது. ஆளுக்கு மட்டும் இல்லை.

ஒன்பது நாள் முன்னால் திருச்சி ஏர்போர்ட்டில் அவளுக்கே ஒரு கணம் ஆள் பிடிபடவில்லைதான். "சபர் போயி அரபு நாட்டுலேர்ந்து வர்ற ஆம்பளைங்க அப்படித்தான் இருப்பாங்க. வெயிலு உருவத்தையே மாத்திப்புடும்" என்றார் மாமியார். இந்த ஊரில் எல்லா வீட்டிலும் அதே பேச்சுதானே? இளைத்து வருவார்கள், கறுத்து வருவார்கள், முடி கொட்டி வருவார்கள். யார் உற்றுப் பார்க்கிறார்கள்? பாவி, அவளும் பார்க்கவில்லை.

வெளி அறையில் ஆறு வயது மகள் ஃபைஸா அத்தா நஜீமுதீனின் மடியில் உட்கார்ந்திருந்தாள். மத்தியான வெயில், ஃபேன் ஓடும் சத்தம், அவன் கொண்டுவந்த அத்தர் வாசம். அந்த வாசத்துக்கு அடியில் நனைந்து மட்கிய சாக்கின் நாற்றம் ஒன்று ஒன்பது நாளாக வீட்டில் இருந்துகொண்டே இருப்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கம்ப்யூட்டரில்தான் ஏதோ கோளாறு என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, பிள்ளையின் படங்களைப் போட்டுப் பார்த்தாள். அவன் வருவதற்கு முந்தின நாள் எடுத்த படத்தோடு, வந்த அன்று எடுத்தது. அறுபத்திரண்டு கோடு. அப்பாடா. அதே பழைய படத்தோடு நாலாம் நாள் படம். முப்பது. நேற்றைய படம்.

ஏழு.

என் பிள்ளை, யா அல்லாஹ், என் பிள்ளை.

"ஃபைஸா, இங்க வாம்மா." என்று கூப்பிட்டாள்.

"அவ இங்கயே இருக்கட்டும்" என்றான் அவன், நிதானமாக. "வேணும்னா அங்கேர்ந்தே ஒரு போட்டோ எடுத்துக்க."

எடுத்தாள். மடியிலிருந்த பிள்ளை அசையவில்லை. சிரிக்கவில்லை. பிள்ளையின் பழைய படத்துக்குப் பக்கத்தில், இரண்டு பேரும் இருந்த அந்தப் புதுப் படத்தை வைத்தாள். அழுத்தினாள்.

அறுபத்திரண்டும் விழுந்தன. ஃபைஸாவின் கன்னத்து மச்சம். கண் ஓரம். உதட்டு மடிப்பு. சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கிளம்பிய கோடுகளில் ஒன்றுகூடப் பிள்ளையிடம் போகவில்லை. எல்லாம் அவன் முகத்துக்குப் போயின.

"அம்மா" என்று ஃபைஸாவின் குரல் கூப்பிட்டது.

சாகிரா திரும்பினாள்.

மடியில் இருந்தது வாயைத் திறக்கவில்லை. அவன்தான் கூப்பிட்டான்.