விட்டுப்போன ஒற்று

"அந்த முதல் எழுத்து என்னன்னு சொல்லுங்க."

"ங."

கண் டாக்டர் கையிலிருந்த குச்சியைக் கீழே இறக்கினார். சுவரில் மாட்டியிருந்த அட்டையின் உச்சியில், தெருமுனையில் நின்று பார்த்தாலே தெரிகிற மாதிரி ஒரு பெரிய 'ப' உட்கார்ந்திருந்தது.

"ஙவா?"

"அப்படித்தான் தெரியுது..." என்றாள் அவள்.

"நான் இந்த வேலைக்கு வந்ததுலேர்ந்து எங்கிட்ட ஒருத்தர்கூட 'ங' சொன்னதில்லைங்க."

"அப்ப என் கண்ணு ரொம்ப மோசம் போல. வண்டி ஓட்ட லாயக்கில்லைன்னு எழுதிக் குடுத்திடுங்க. லைசென்ஸ் இந்த மாசத்தோட முடியுது. அத்தோட விட்டுடறேன்."

அவர் நம்பவில்லை. எப்படி நம்புவார்? நாளெல்லாம் கண்ணைப் பார்த்தே பிழைக்கிற மனிதர். கண்ணைப் பார்த்து மயங்குகிற ஆளாக இருந்தால் என்றைக்கோ கடையைச் சாத்தியிருக்க வேண்டும். ஆனாலும் சற்று முன் விளக்கைப் பிடித்து அவள் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தபோது... எதைப் பார்க்க வந்தோம் என்பதே ஒரு கணம் மறந்துபோனது. அப்படித் தெளிந்த, கறுத்த, களைத்த கண்கள். அந்தக் கண்ணுக்கா 'ப' தெரியாது?

அவள் பையை எடுத்துக்கொண்டு கதவுவரை போனாள். போனவள் நின்றாள். அறையின் மறுகோடியில், கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய அலமாரியின் மேல் பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு.

"கண்ணாடியை தொடாதீர்கள்னு போட்டிருக்கீங்களே... நடுவுல ஒரு 'த்' விட்டுப்போச்சு. கண்ணாடியைத் தொடாதீர்கள்."

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்றார் டாக்டர், ரொம்ப மெதுவாக.

"...அச்சகத்துல. பிழை திருத்தறேன்."

வந்ததே சிரிப்பு மனிதருக்கு! குச்சி கையிலிருந்து நழுவி உருண்டது. அவளுக்கோ பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

"சிரிங்க, நல்லா சிரிங்க! கண்ணு சரியில்லன்னு நீங்க எழுதிட்டா, நானா ஓட்டறதை விட்டேன்னு ஆகாதுல்ல? அதுக்குத்தான் பொய் சொன்னேன்!"

சிரிப்பு நின்றது. "உக்காருங்க. என்ன ஆச்சு?"

முன்பின் தெரியாத மனிதரிடம் ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அண்ணன். லீவு நாளில் விடியும்போதே அண்ணனும் அண்ணியும் ஒரு வண்டியில், இவள் இன்னொன்றில், மலைப்பாதை வரை போய்த் திரும்புவார்கள். போன மழைக்காலத்தில் அண்ணன் மட்டும் தனியாகப் போன ஒரு நாள், பிரேக் பிடிக்காத லாரி ஒன்று... அதற்குப் பிறகு இவள் வண்டி உறைக்குள்ளேயே நிற்கிறது. வீட்டில் இப்போது அண்ணியும் இவளும்தான்.

"அண்ணி வேண்டாம்னு சொல்லல டாக்டர். ஆனா நான் சாவியைத் தொட்டாலே அவங்க முகம் மாறுது. எனக்கோ... ஓட்டணும்னு ஆசையா இருக்கு. அண்ணனே போயிட்டான், இன்னுமா உனக்கு ஆசைன்னு என்னை நானே திட்டிக்கறேன்."

"கண்ணு நல்லா இருக்குன்னுதான் என்னால எழுத முடியும். ஓட்டறதா விடறதான்னு நீங்கதான் சொல்லணும்," என்றார் அவர்.

"ரொம்ப உதவி!" என்று வெடுக்கென எழுந்து மழையில் இறங்கிவிட்டாள்.

பின்னாலேயே ஓடிவந்தார். "குடை! குடையை விட்டுட்டீங்க!"

"கண்ணு தெரியல, விட்டுட்டேன்!" என்று பிடுங்கிக்கொண்டாள். விரல் பட்டது. மழைத்தண்ணீர் சில்லென்றிருந்தது, அவர் கை மட்டும் கதகதப்பாக... சே, இந்த நேரத்தில் இது வேறயா என்று வேகமாக நடந்தாள்.

வீட்டில் அண்ணி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு சரியில்லையாம் அண்ணி. இனிமே ஓட்டக்கூடாதாம்."

"அப்படியா? சரி, இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடு."

வாங்கினாள். ஒரே முயற்சியில் கோத்து நீட்டினாள். அண்ணி ஊசியையும் பார்த்தாள், இவளையும் பார்த்தாள்.

"திருட்டுக் கழுதை," என்று சிரித்தாள் அண்ணி. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எனக்காக விட்டேன்னு மட்டும் சொல்லிடாதடி. உங்க அண்ணன் போனதையே என்னால தூக்க முடியல. நீ விட்டதையும் சேத்து நான் தூக்கணுமா?"

"உங்களுக்குப் பயமா இல்லையா அண்ணி?"

"நீ பஸ்ல போனாலும் எனக்குப் பயம்தான். அது என் பாடு, நான் பாத்துக்கறேன். நீ சொல்லு, ஓட்டணுமா, வேண்டாமா?"

"...ஓட்டணும் அண்ணி."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அண்ணியின் மடியில் முகத்தைப் புதைத்து, அண்ணன் போன அன்று அழாத அழுகையையெல்லாம் அழுதாள். அண்ணி தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்துபோய்ப் பரண்மேல் இருந்த தன் ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எனக்கு இனி வேண்டாம். உன் பின்னாடி யாராச்சும் உக்காந்தா குடு."

மறுநாள் மாலை. தூறல். கண் டாக்டரின் வாசலில் ஒரு வண்டி மெதுவாக வந்து நின்றது.

இந்தத் தடவை அட்டையில் ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை. கடைசி வரியை ஒரே மூச்சில் படித்தாள். டாக்டர் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அலமாரியின் மேல் அந்த அறிவிப்பில் நீல மையில் ஒரு 'த்' புதிதாக ஏறியிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"பயம் போயிடுச்சா?" என்றார்.

"எங்க போச்சு? பயத்தோடயேதான் ஓட்டிட்டு வந்தேன்."

"கையில எதுக்கு ரெண்டு ஹெல்மெட்?"

"ஒண்ணு பின்னாடி உக்கார்றவங்களுக்கு."

"யாரு உக்காரப் போறாங்க?"

"இன்னும் முடிவாகல..."

அவர் தொண்டையைச் செருமினார். காது மடல் சிவந்திருந்தது. "கண் டெஸ்ட் முடிஞ்சிடுச்சு. இனி நான் உங்க டாக்டர் இல்ல. ஆனா... இன்னும் ஒரே ஒரு வரி இருக்கு. படிக்கறீங்களா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து அட்டையின் அடியில் ஒட்டினார். பொடிப் பொடி எழுத்து. 'உங்களை பிடித்திருக்கிறது.'

அவள் நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் வாயில் வந்தது இதுதான்:

"...'ப்' விட்டுப்போச்சு."

"தெரியும்."

"அங்க 'த்' போடத் தெரிஞ்சவருக்கு இங்க 'ப்' போடத் தெரியலையா?"

"வேணும்னேதான் விட்டேன். தப்பில்லாம எழுதினா, தெரியலை, 'ங' மாதிரி இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவீங்க. தப்பு இருந்தா உங்களால போக முடியாது."

அவர் பையிலிருந்த பேனாவை உருவினாள். கிட்டே போய் 'ப்' போட்டாள்.

"எழுத்து சரியாயிடுச்சு," என்றார் அவர். "விஷயம்...?"

அச்சுக்குப் போகிற பக்கத்தைக் கடைசியாகப் பார்ப்பதுபோல், எழுத்தெழுத்தாக மறுபடி படித்தாள். பிறகு திரும்பி அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"அதுல திருத்த ஒண்ணும் இல்லைங்க. எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு..."

ஹெல்மெட்டை நீட்டினாள்.

"வாரை இறுக்கிக் கட்டுங்க. அண்ணி கேப்பாங்க."