நனைக்காத மழை

வானொலிப் பெட்டியில் இரைச்சல் நின்றிருந்தது. அதுதான் முதலில் உறுத்தியது.

ஈரச் சுள்ளி எரிவதுபோல் எந்நேரமும் பொரிந்துகொண்டிருக்கும் பெட்டி, காலை வெயில் மேசைமேல் ஏறி, சூடான ரப்பர் வாசனை அறையெங்கும் பரவிய அந்த நேரத்தில் வாயடைத்துக் கிடந்தது. ஆய்வு நிலையத்தில் இது பழகிய சங்கதிதான். விண்வெளியிலிருந்து எலக்ட்ரான்கள் அசுர வேகத்தில் மேல் வளிமண்டலத்தில் வந்து கொட்டும். அங்கே காற்று மின்னேறி, சிற்றலை வானொலியை அப்படியே விழுங்கிவிடும். அதை, நிலையத்தில் வேலை பார்க்கும் அவளும் அவள் தம்பியும் ‘மழை’ என்பார்கள். மேகத்திலிருந்து விழுவது அவர்களுக்கு வெறும் ‘தண்ணி’.

தம்பி கடலுக்கு அப்பால், தீவு நிலையத்தில் இருந்தான். இன்று படகில் கிளம்புகிறான். புயல் வருகிறது என்று அதற்குள் சொல்லியாக வேண்டும்.

கூப்பிட்டுக் கூப்பிட்டு நாக்கே மரத்துப்போயிருந்தது.

“அக்கா.”

பெட்டியில் தம்பியின் குரல். பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவதுபோல் அத்தனை தெளிவு.

“டேய், கிளம்பாதே! புயல் வருது.”

“சரி, கிளம்பல. உன் பேச்சை என்னைக்குத் தட்டியிருக்கேன்?”

“என்னைக்குடா கேட்டிருக்கே?” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இங்கே ஒரே மழை அக்கா. சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு.”

சிரிப்பு பாதியில் நின்றது.

தம்பி அப்படிச் சொல்ல மாட்டான். மழை யாரையும் நனைக்காது.

வானத்தின் இரைச்சலை அளக்கும் முள்ளைப் பார்த்தாள். அடியில் கிடந்தது. மேலே இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. தீவிலிருந்து ஒரு முனகல்கூட இங்கே வந்து சேர வழியில்லை.

ஆன்டெனா கம்பியைப் பிடுங்கினாள்.

“இன்னும் பேசு அக்கா,” என்றது பெட்டி. “உன் குரல் நல்லா இருக்கு.”

விரல் நுனியிலிருந்து மரத்துக்கொண்டு வந்தது. மணிக்கட்டு. முழங்கை. தோள். பயப்படக்கூட உள்ளே ஏதும் மிச்சமில்லை.

முள் மெல்ல எழுந்தது. மழை விடுகிறது. யாருடைய கையோ போல் தொங்கிய கையால் கம்பியைத் திரும்பச் செருகினாள். இரைச்சல் வந்தது. அதற்குள்ளிருந்து, தேய்ந்து கரகரத்து, தம்பி.

“அக்கா, காலையிலேருந்து கத்தறேன், இப்பதான் மழை விட்டுச்சு. படகு தயார். கிளம்பட்டுமா?”

வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை.

“தாராளமா கிளம்புடா,” என்றது அவள் குரல். “கடல் அமைதியா இருக்கு.”

“சரிக்கா, சாயங்காலம் பார்க்கலாம்!”

பெட்டியில், பேசும்போது எரியும் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. பேசுவதற்கு அழுத்தும் பொத்தான் நன்றாக உள்ளே அழுந்தியிருந்தது. அவளுடைய இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.