இடது பக்கக் கண்ணாடி

ஆணியில் கார் சாவி இல்லை.

கூடத்துச் சுவரில் அந்த வெற்று ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றாள் கண்டக்டரம்மா. அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசனை வந்தும் அசையவில்லை. பதினோரு வருடமாக அந்தச் சாவி ஆணியை விட்டு இறங்கினால் அவள் கணவரின் சட்டைப் பைக்குத்தான் போகும். இன்றைக்கு அவரோ வெறும் கையோடு நாற்காலியில் உட்கார்ந்து, படிக்காத செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். யார் எடுத்தது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பெரிய மகனின் பேன்ட் பை புடைத்துக்கொண்டிருந்தது.

தெருவில் எல்லோருக்கும் அவள் கண்டக்டரம்மா, அவர் டிரைவர். இருபத்திரண்டு வருடம் ஒரே பேருந்தில் அவர் ஓட்டினார், இவள் விசில் ஊதினாள். கல்யாணப் பேச்சே கடைசி நிறுத்தத்தில், காலி வண்டியில்தான் நடந்தது. இருவரும் ஓய்வு பெற்று வருடக்கணக்காகிவிட்டது. பெயர் மட்டும் இன்னும் வேலையில் இருந்தது.

முந்தின நாள் மாலை, வேலை விட்டு வந்த பெரியவன்தான் அதை முதலில் பார்த்தான். காரின் இடது பின்கதவில் ஒரு முழ நீளத்துக்கு நசுங்கல். ஏதோ கம்பத்தின் மஞ்சள் பெயின்ட் வேறு ஒட்டியிருந்தது. அந்தக் கதவை ஒட்டி உட்கார்ந்துதான் அவனுடைய நாலு வயது மகள் தினமும் காலையில் தாத்தாவோடு பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டில் கார் ஓட்டுகிறவர் டிரைவர் ஒருவர்தான். பெரியவனுக்கு பைக். மருமகளுக்கு ஓட்டத் தெரியாது. காலங்கடந்து பிறந்த சின்னவனுக்கு வயது இருபத்தொன்று. லைசென்ஸ் வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறது, ஒரு வருடம் முடியும்வரை தனியாகச் சாவியைத் தொடக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. ஆகவே விசாரணைக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. காலையில் பள்ளிக்கூடம் போய் வந்தபிறகு வண்டியையே எடுக்கவில்லை என்று டிரைவர் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை.

கண்டக்டரம்மாவும் நம்பவில்லை. அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

மருமகள் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டே, இன்றிலிருந்து தானே பஸ்ஸில் கூட்டிப்போவதாகச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். பெரியவன் வாகன இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன். எழுபது தாண்டினால் கழுத்து திரும்பாது, கண் பிந்தும், கால் பிந்தும், தன் மேஜைக்கு வருகிற விபத்துப் படிவங்களே அதற்குச் சாட்சி என்றான். அப்பாவுக்கு எழுபத்திரண்டு. லைசென்ஸை ஒப்படைக்கிற படிவத்தை மாலையில் கொண்டுவருகிறேன், கையெழுத்துப் போட்டுவிடட்டும் என்று அம்மாவிடம்தான் சொன்னான். அப்பாவிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சின்னவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அவன் எப்போதுமே அப்படித்தான் என்று அப்போது அவள் நினைத்துக்கொண்டாள்.

எல்லோரும் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு அவள் கணவரின் முன்னால் வந்து நின்றாள்.

"நேத்து நான் பல் டாக்டர்கிட்ட போயிருந்தேன்ல... அப்ப எடுத்தீங்களா?"

"இல்ல."

"எங்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க."

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "நீயுமா?" என்றார். மடித்த தாளை மறுபடி மடித்துக்கொண்டே, "எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு. காலையில குழந்தையை விட்டுட்டுத் திரும்பறப்ப எங்கேயாவது உரசி, எனக்குத் தெரியாமப் போச்சோ? உனக்கும் தெரியாமப் போச்சோ?" என்றார்.

இவரைச் சந்தேகப்பட வந்தவள் இப்போது தன்னையே சந்தேகப்பட வேண்டியதாயிற்று.

ஏனென்றால் டிரைவருக்கு இடது கண் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்பு கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் தெளிவாகவே சொல்லிவிட்டார்: கண்ணுக்குள் அழுத்தம் ஏறி இடது பார்வை போய்விட்டது, வலது கண் பரவாயில்லை, இனி வண்டி வேண்டாம். ஆஸ்பத்திரி வாசலில், காருக்குள் உட்கார்ந்து அவர் அழுதார். சொந்தத் தாய் போனபோதுகூட அழாத மனிதர். பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. யாருக்கும் தெரிய வேண்டாம், இடது பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், ஆனால் நான் இல்லாமல் வண்டி எடுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்தப் பழைய காரில் பக்கக் கண்ணாடியைக் கையால்தான் தள்ளித் திருப்ப வேண்டும். அவர் அங்கேயே இறங்கி இடது பக்கக் கண்ணாடியை அவள் இருக்கைக்குத் தெரியும்படி திருப்பி வைத்தார். அவருக்கு அது இனி எதற்கு?

அன்றிலிருந்து அந்தக் கார் இரண்டு பேர் ஓட்டுகிற கார். "இடது காலி, போலாம்" என்பாள். "இருங்க, சைக்கிள் வருது" என்பாள். கிழவனும் கிழவியும் ஒட்டிக்கொண்டே திரிகிறார்கள் என்று மருமகள் கேலி செய்வாள், இவளும் சிரித்து வைப்பாள். கண் சொட்டு மருந்து பழைய டிக்கெட் பைக்குள் ஒளிந்திருந்தது. இரண்டு வருடத்தில் தங்கை வீட்டில் ஒரு நாள் தங்கியதில்லை. காய்ச்சல் அடித்தாலும் எழுந்து போய் அந்த இருக்கையில் உட்கார்ந்தாள். பின்னால் குழந்தை பாட்டுப் பாடும். அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம், நான் செய்வது சரிதானா என்று அடிவயிற்றில் ஒன்று கேட்கும். அதற்கு அவள் பதில் சொன்னதில்லை.

காரிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். இடது முன்கதவின் பூட்டு கெட்டுப்போய் மாதக்கணக்காகிறது, அதற்குச் சாவி தேவையில்லை. கதவைத் திறந்து தன் இருக்கையில் உட்கார்ந்தாள். டிரைவர் இருக்கை அவர் அளவில்தான் இருந்தது. முதுகுச் சாய்மானமும் அவர் அளவு. அப்படியானால் அவரேதான்... என்று நினைத்தாள். பழக்கத்தில் இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள்.

கண்ணாடியில் தெரு தெரியவில்லை. அவள் பக்கத்துக் கதவும் பின்னிருக்கையின் ஓரமும்தான் தெரிந்தன.

அவள் மெதுவாக நகர்ந்து அவர் இருக்கையில் உட்கார்ந்து மறுபடி பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் வண்டியின் இடது பக்கம் முழுக்க, பின்சக்கரம் வரைக்கும் அழகாகத் தெரிந்தது. யாரோ இதை ஓட்டுகிறவருக்காகத் திருப்பியிருக்கிறார்கள். இரண்டு கண்ணும் தெரிகிற யாரோ. வேலை முடிந்ததும் இருக்கையை மட்டும் ஞாபகமாகப் பழையபடி தள்ளி வைத்தவன் கண்ணாடியை மறந்துவிட்டான். மறக்காமல் என்ன செய்வான்? அது எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தானே தெரியும்.

தட்டிலிருந்து தூக்காத தலை அவள் கண் முன்னால் வந்தது.

மத்தியானம் சின்னவன் வந்தான். அவனுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். அப்பா காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை என்றாள். அவன் தண்ணீர் குடித்தான். அண்ணன் படிவம் கொண்டுவரப் போகிறான் என்றாள். அவன் கை கழுவ எழுந்துவிட்டான். மாலை வரைக்கும் அவனுக்கு மூன்று தடவை வாசல் திறந்து வைத்தாள், மூன்று தடவையும் அவன் நுழையவில்லை. காட்டிக்கொடுப்பது அவளுக்கு ஒரு நிமிட வேலை. ஆனால் கண்ணாடியைப் பற்றி வாயைத் திறந்தால் கண்ணைப் பற்றியும் திறந்தாக வேண்டும். செய்யாத குற்றத்திலிருந்து அவரை மீட்க வேண்டுமென்றால், செய்த குற்றத்தை எடுத்து நடுக்கூடத்தில் வைக்க வேண்டும். சும்மா இருந்தாலோ அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார், ரகசியமும் அப்படியே இருக்கும், குழந்தைக்கும் ஆபத்தில்லை. ஆனால் குழந்தை உட்காருகிற கதவைக் கம்பத்தில் மோதிவிட்டு மறைத்த பொய்யன் என்ற பேரோடு அந்த மனிதர் மிச்ச நாளை இந்த வீட்டில் ஓட்ட வேண்டியிருக்கும்.

மாலையில் பெரியவன் படிவத்தையும் இன்னொரு தாளையும் மேஜையில் வைத்தான். எந்த வயதில் எவ்வளவு விபத்து என்கிற பட்டியல் அது. எழுபதுக்கு மேல் என்ற வரியில் விரலை வைத்தான். டிரைவர் அதைப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்து, "நான்தான் இடிச்சேன்னே வச்சுக்கோங்கப்பா" என்றார்.

"வைங்க பேனாவை" என்றாள் கண்டக்டரம்மா.

கூடத்தில் எல்லோரும் திரும்பினார்கள். அவள் அந்தத் தாளை எடுத்தாள். அதன் மேல் பாதி பின்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. அதை விரித்துப் பெரியவன் கையில் கொடுத்தாள்.

"மேல என்ன போட்டிருக்குன்னு படி."

அவன் படித்தான். இருபத்தைந்துக்குக் கீழேயும் விபத்து கூடுதல்தான் என்று அதில் இருந்தது. "இந்த வீட்ல அந்த வயசுல யாரும் தனியா ஓட்டறதில்லையேம்மா. அதான்..." என்றான்.

"நேத்து மத்தியானம் ஓட்டியிருக்கு. இடது பக்கக் கண்ணாடி திரும்பியிருக்கு, போய்ப் பாரு. உங்கப்பா எடுத்திருந்தா அது என் பக்கம் பாத்திருக்கும்."

பெரியவன் புருவத்தைச் சுருக்கினான். "அது ஏம்மா உன் பக்கம் பாக்கணும்?"

அந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குக் காலையிலேயே தெரியும். டிரைவர் வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினார். அவள் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரி, அழுகை, சத்தியம், டிக்கெட் பை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். "அவரைக் கேக்காதீங்க. மறைச்சது நான்" என்று முடித்தாள்.

மருமகள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷம் அத்தை... என் குழந்தை பின்னாடி உக்காந்திருந்தா. உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"வந்திருக்கக் கூடாதும்மா" என்றாள் கண்டக்டரம்மா.

அப்போதுதான் சுவரோரம் நின்றிருந்த சின்னவன் உடைந்தான். அப்பா மத்தியானம் தூங்கும்போது சாவியை எடுத்துக்கொண்டு சிநேகிதனைப் பார்க்கப் போனானாம். கண்ணாடி ஏதோ கோணலாக இருக்கிறதென்று கிளம்பும்போதே திருப்பிக்கொண்டானாம். "கண்ணாடி மேல தப்பில்லம்மா. எல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுது. போன் வந்துச்சு... கீழ பாத்தேன். வேகமா வேற போயிட்டேன். அப்பாவைத் திட்டினப்ப சொல்லலாம்னு வாயைத் திறந்தேன், வரல" என்று அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதான். டிரைவர் அவன் தலையில் கை வைத்தார். பெரியவன் சாவியை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றான். மன்னிப்பு என்ற சொல் அவனுக்கும் வாயில் வரவில்லை. அந்தக் குடும்பத்து ஆண்களுக்கு வாய் அப்படி.

டிரைவர் பேனாவை மறுபடி எடுத்தார்.

"இப்பப் போடறேன். செய்யாத தப்புக்கு இல்ல. செஞ்ச தப்புக்கு."

கையெழுத்து கொஞ்சம்கூடக் கோணவில்லை.

அன்றைக்கு மருமகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவள் சாப்பிடக்கூட வெளியே வரவில்லை. மறுநாள் காலை, பள்ளிக்கூடப் பையோடு குழந்தையைக் கூட்டிவந்து மாமியாரின் கையில் அதன் கையைக் கொடுத்தாள்.

"பஸ்ல நீங்களே கூட்டிட்டுப் போங்க அத்தை" என்றாள். நின்றாள். "சொல்லியிருக்கலாம்ல அத்தை... திட்டியிருப்பேன். அவ்வளவுதானே? தனியா இத்தனை நாள் பயந்துக்கிட்டே..."

கண்டக்டரம்மாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. மருமகளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் அழாததையெல்லாம் அழுதாள். மருமகள் முதுகைத் தடவிக்கொடுத்தபடியே தானும் அழுதாள். பஸ் போய்விடும் என்று குழந்தைதான் இருவரையும் பிரித்தது.

குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, கூட வந்த கணவரும் அவளும் திரும்பும் பஸ்ஸில் ஏறினார்கள். அவர் ஓர் இருக்கையில் உட்கார்ந்தார். பழக்க தோஷத்தில் அவள் அவருக்கு இடது பக்கம் போய் உட்கார்ந்து, ஜன்னல் வழியே பின்னால் எட்டிப் பார்த்தாள். இடது பக்கம் காலியாக இருந்தது. போலாம் என்று யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எழுந்து இந்தப் பக்கம் வா" என்றார் அவர்.

"ஏங்க?"

"இனிமே அந்தப் பக்கம் உனக்கு என்ன வேலை? வலது பக்கம் வந்து உக்காரு. ரெண்டு வருஷமா உன் குரலைத்தான் கேட்டுட்டிருந்தேன்... முகத்தைப் பாத்து எத்தனை நாளாச்சு."

அவள் எழுந்து இடம் மாறி உட்கார்ந்தாள். முன்னால் யாரோ இரண்டு விசில் ஊத, பஸ் கிளம்பியது. அவர் சாலையைப் பார்க்கவில்லை.