கழற்றி வைத்த ராடு

பிரித்து மாட்டிய மறுநாள் காலை, குளியலறைச் சுவரில் தொங்கிய கீசர் எதையோ மென்றுகொண்டிருந்தது. கொதிக்கிற சத்தம் இல்லை அது. கொதிக்கிற சத்தம், குழாய் அடைத்துக்கொண்டு விக்குகிற சத்தம், உப்புக்கட்டி உள்ளே உருளுகிற சத்தம் எல்லாம் மிச்சம் மாமாவுக்கு அத்துப்படி. இது வேறு. வாயை மூடிக்கொண்டு, பல் இல்லாத ஒருவர் பொறுமையாக எதையோ குதப்புகிற சத்தம். குதப்பும். நிற்கும். விழுங்கும். மறுபடி குதப்பும். பல் துலக்குவதைப் பாதியில் விட்டுவிட்டு, வாய் நிறைய நுரையோடு அவர் அண்ணாந்து பார்த்தார். கீசரின் விளக்கு எரியவில்லை. சுவிட்சை அன்று இன்னும் யாரும் போடவே இல்லை.

மிச்சம் என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். எதைப் பிரித்து மாட்டினாலும் இரண்டு திருகாணி, ஒரு வாஷர், என்னவென்று தெரியாத ஒரு வளையம் அவர் கையில் மிச்சம் வரும். அதற்காக மனிதர் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. எந்த இயந்திரத்திலும் காற்பங்கு வெறும் அலங்காரம், கம்பெனிக்காரன் கனத்துக்காகப் போட்டது என்பது அவருடைய நாற்பது வருடக் கொள்கை. மிச்சம் வந்ததையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். அந்த டின்னை நகர்த்தப் பயில்வான்கள் இருவர் வேண்டும். தெருவில் அவர் கை படாத மின்விசிறி கிடையாது. கை பட்ட பிறகு சுற்றிய மின்விசிறியும் அவ்வளவாகக் கிடையாது.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கே அவர் மனைவி வெளியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டாள். காரணம், பிறந்து இருபத்திரண்டு நாளே ஆன பேத்தி. மகள் பிள்ளையோடு வந்து தங்கியிருந்தாள், விடாத மழை, பிள்ளையைக் குளிப்பாட்டச் சுடுதண்ணீர் வேண்டும். கீசரோ துருநிறத்தில் அரை வெதுவெதுப்பாகக் கக்கிக்கொண்டிருந்தது. நான் பார்க்கிறேன் என்று மாமா திருப்புளியைத் தூக்கியதுமே, பிள்ளை பெரியவளாகிக் கல்யாணம் ஆகும் வரைக்கும் என்னால் காத்திருக்க முடியாது என்று சொல்லி மனைவி போனை எடுத்துவிட்டாள்.

வந்த கீசர்க்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டையின் இடது கை காலியாக மடிந்து, தோளருகே ஊக்கால் குத்தியிருந்தது. ஒற்றைக் கையால் அவர் வேலை செய்த வேகத்தில் மாமாவுக்கு வயிறு எரிந்தது. தண்ணீரை வடித்து, அடிமூடியைக் கழற்றி, வட்டத் தகட்டோடு சூடேற்றும் சுருளை இறக்கி, கிலோக்கணக்கில் சுண்ணாம்பைச் சுரண்டித் தள்ளினார். சுருளுக்குப் பக்கத்தில், அதே தகட்டில், நூலாய்த் தேய்ந்து கருத்த ஒரு கம்பி நின்றது. அதை மட்டும் விரலால் தொடாமல் காட்டினார்.

“இது ராடு சார். அடைச்சு வச்ச தண்ணி சும்மா இருக்காது, எதையாவது தின்னும். இது இருந்தா இதைத் தின்னுட்டு மத்ததை விட்டுரும். புதுசு வாங்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் இந்த நூலைக்கூடக் கழட்டிராதீங்க.”

தகட்டை மாட்டி மூடிவிட்டுப் போன அவர் வண்டி தெருமுனை திரும்பியிருக்காது. மாமாவுக்குக் கை ஊறியது. தின்பதற்கென்று ஒரு கம்பியாம், காதில் பூச்சுற்ற ஆள் பார்த்தான் பார் என்று முணுமுணுத்தபடி அதே தகட்டை மறுபடி இறக்கினார், ராடைக் கழற்றினார், அது இருந்த துளையில் ஒரு போல்ட்டைப் போட்டு முடுக்கினார். கழற்றிய கம்பி அவர் கையிலேயே சாம்பலாய் உதிர்ந்தது. வந்த உற்சாகத்தில் மாடி வீட்டுக்கும் ஏறினார். அங்கே இரட்டைப் பிள்ளைகளோடு இருக்கும் ஓவிய டீச்சருக்கு ஒரு உபகாரமாக இருக்கட்டும் என்று, அவர்கள் கீசரிலும் அதே இடத்தில் அதே கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

மென்ற சத்தத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏனென்றால் தண்ணீர் அப்படி வந்தது. பளிங்கு போல, ஆவி பறக்க, அந்தக் கீசரின் பத்து வருட வாழ்க்கையில் வராத சூட்டில் வந்தது. மாமா வீடு முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்து பெருமை அடித்துக்கொண்டார். மனைவி கூட, பரவாயில்லையே, இந்தத் தடவை வீடு எரியலையே என்று ஒப்புக்கொண்டாள். வாசனை மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரி. ஈரச் சில்லறையை வாயில் போட்டுச் சப்பினால் வருகிற வாசனை.

மூன்றாம் நாள் மனைவியின் மோதிரம் விரலில் நிற்காமல் கழன்று குளியலறைத் தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தார். வெங்காயத் தோல் கனம். அதே நாள் சவர பிளேடைப் பிடித்தால் கண்ணாடித் தாள் போல மறுபக்கம் தெரிந்தது. வாளியின் கைப்பிடி மனைவியின் கையோடு வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. கலப்படம், மழை ஈரம், இப்போதெல்லாம் எவன் ஒழுங்காகச் செய்கிறான். விளக்கங்கள் சொல்லச் சொல்ல அவர் குரல்தான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனது. இரவு படுத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் குதப்பல். பகலில் குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் ஒரு சின்ன ஏப்பம்.

ஐந்தாம் நாள் அவருடைய நகங்கள் போயின. வலியே இல்லை. குளித்துவிட்டுத் துடைக்கும்போது துண்டில் பத்தும் ஒட்டியிருந்தன, சோப்புச் சீவல் மாதிரி. அவற்றை அவர் பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார். பழக்கம்.

அன்று மாலை மகள் பிள்ளையை அவர் மடியில் கிடத்திவிட்டுச் சாப்பிடப் போனாள். தலைக்குக் குளித்து, பால் குடித்து, சொக்கிப்போய்க் கிடந்தது குட்டி. அதன் உச்சிக்குழியை அவர் வழக்கம்போல ஒரு விரல் நுனியால் தடவினார். பச்சைப் பிள்ளையின் எலும்பு இன்னும் கூடாத அந்த மெத்தென்ற இடம், வந்த அன்று கட்டைவிரல் அகலம்தான் இருந்தது. அவரே வைத்துப் பார்த்திருக்கிறார். இப்போது விரல் ஓரத்தைத் தேடிப் போனது. போய்க்கொண்டே இருந்தது. இரண்டு விரல். மூன்று. உள்ளங்கையை அப்படியே வைத்தார். உள்ளங்கை முழுவதும் மெத்தென்று இருந்தது. அடியில் ஒரு துடிப்பு, நீரில் விழுந்த பூவைப் போல, அவர் கைக்குள் ஏறி இறங்கியது.

பிள்ளையைப் பாயில் மெல்லக் கிடத்திவிட்டு எழுந்தார்.

கீசரின் வயரைப் பிடுங்கினார். தண்ணீர் வரும் வால்வை மூடினார். இரண்டு நாள் யாரும் குளிக்கக் கூடாது, பிள்ளைக்குத் துணியால் துடைத்தால் போதும் என்று சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டு அந்த வீடு பார்த்ததில்லை, கேட்டுக்கொண்டார்கள். டாக்டரிடம் அனுப்பினார். சில பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும், தானே கூடிவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கூடவில்லை. மின்சாரம் இல்லாத, வால்வு மூடிய கீசர், சுவரில் கை வைக்க முடியாத சூட்டில் மென்றுகொண்டே இருந்தது. குட்டிக்கு அழக்கூடத் தெம்பில்லை. கை கால்கள் துணிச்சுருள் மாதிரி வளைந்தன.

ஏழாம் நாள் மாமா கொல்லைக் கதவருகே நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கீசர்க்காரருக்கு போன் செய்தார். தன் வாழ்நாளில் முதல் தடவையாக, தப்புப் பண்ணிட்டேன் என்று ஒரு மெக்கானிக்கிடம் சொன்னார்.

மழையில் பாலம் மூடிவிட்டது, புது ராடு வந்து சேர மூன்று நாளாவது ஆகும் என்றார் அவர். கீசரையே கழற்றித் தெருவில் போட்டுவிடட்டுமா, பிள்ளையை வேறு வீட்டுக்கு அனுப்பட்டுமா என்று மாமா கேட்டார்.

“இனிமே எங்க போனாலும் அதேதான் சார். ருசி கண்டிருச்சு. ராடு இருந்த இடத்துல ஏதாவது ஏறினாத்தான் மத்ததை விடும்.”

“எதை ஏத்தறது?”



“என் சட்டையைப் பார்த்தீங்கல்ல சார்,” என்றார் கீசர்க்காரர். போன் நின்றது.

மாமா முதலில் டின்னைத்தான் தூக்கினார். தனியாகவே தூக்கினார். தகட்டை இறக்கி, நாற்பது வருடத்து மிச்சத்தை, தையல் இயந்திரத்தின் வளையங்களை, ரேடியோக்களின் ஸ்பிரிங்குகளை, தெருவில் எந்த மின்விசிறியையும் சுற்ற விடாத அத்தனை திருகாணிகளையும் ஒரு கம்பி வலையில் கட்டி உள்ளே ஏற்றி மூடி, வால்வைத் திறந்தார். நகங்களும் அதில் இருந்தன. குதப்பல் நின்றது. ஓடிப்போய்க் குட்டியின் தலையில் கை வைத்தார். ஓரங்கள் கெட்டியாகத் தட்டுப்பட்டன. குட்டி சிணுங்கியது. அவர் சுவரில் சாய்ந்து, சத்தம் வராமல் அழுதார்.

மறுநாள் மதியம் வரைதான்.

சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபோது விழுங்குகிற சத்தம் கேட்டது. வால்வை மூடிவிட்டுக் கீசரைத் திறந்து பார்த்தார். வலை இல்லை. திருகாணிகள் இல்லை. அரைப்பிடி கறுப்புக் கசடு அவர் உள்ளங்கையில் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளறையில் மகள், அம்மா இங்க வா, இங்க வந்து பாரேன் என்று குரல் உடைந்து கூப்பிட்டாள்.

மாமா குளியலறைக் கதவைத் தாழிட்டார்.

முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். பகல்தான், ஆனால் ஜன்னலில் மழை இருட்டு. கீசர்த் தொட்டியின் அடியில் அந்த வட்டமான வாய் திறந்திருந்தது. நான்கு விரல் அகலம். உள்ளே விளிம்பில் ரப்பர் வளையம், ஈரமாக. அதிலிருந்து மூச்சு வந்தது. சில்லறை வாசனை.

எந்தக் கை என்று யோசித்தார். சாப்பிடுகிற கை வேண்டும். திருப்புளி பிடிக்கிற கையும் அதுதான்.

இடது கையை நுழைத்தார். மணிக்கட்டு. முழங்கை. அதற்கு மேல் நுழையாது என்று நினைத்தார். நுழைந்தது. ரப்பர் வளையம் தோளுக்குக் கீழே வந்து கவ்வியது. வலது கையால் எட்டி வால்வைத் திறந்தார். தண்ணீர் ஏறியது. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அவர் மாட்டியதிலேயே ஒழுகாமல் நின்ற முதல் இணைப்பு அதுதான். அந்த நிலையிலும் அவருக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது.

பிறகு ஏதோ ஒன்று விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. எண்ணுவது போல.

வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இளஞ்சூடு. ஈறு. ஒரு பொறுமை.

வெளியே அழுகைச் சத்தம் கேட்டது. குட்டி. நல்ல, கெட்டியான, வீட்டைத் தூக்குகிற அழுகை. மகள் அழுதுகொண்டே சிரித்தாள். பார், தலையைப் பார், சரியாகிவிட்டது என்று மனைவி எல்லோரையும் கூப்பிட்டாள். பிறகு குளியலறைக் கதவைத் தட்டினாள்.

“என்னங்க, உள்ள என்ன பண்றீங்க? தண்ணி சூடாச்சா?”

“ஆச்சு,” என்றார் மாமா. குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

புது ராடு வர இன்னும் இரண்டு நாள். வலது கையால் சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். பல்லால் நுனியை இழுத்து, தோளிலிருந்து விரல் வரை எவ்வளவு இருக்கும் என்று சுவரில் வைத்துப் பார்த்தார். நாளுக்கு இவ்வளவு என்று வகுத்தார். போதும். கணக்கு சரியாக வந்தது. தோள் வரைக்கும் போதும்.

அப்போது மேலே.

தலைக்கு நேர் மேலே, கூரைக்கு அந்தப் பக்கம். டீச்சர் வீட்டுக் குளியலறை. இரட்டைப் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் அடித்துக் கும்மாளம் போடும் சத்தம். அதற்கு அடியில் இன்னொரு சத்தம்.

குதப்பியது. நின்றது. விழுங்கியது.

மிச்சம் மாமா சுவரில் ஒட்டியபடி அண்ணாந்து கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாக, பயந்த பிள்ளையைப் பார்ப்பது போல, நாடாவைப் பிடித்திருந்த தன் வலது கையைப் பார்த்தார்.