ராட்டினத்தை இறக்கிய சாக்ஸபோன்

ஆம்பூர் பொருட்காட்சியில் ஆபேல் ஒரே ஒரு சாக்ஸபோனை ஊதி, வானத்தில் மாட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பூப்போலத் தரையில் இறக்கினார்! கயிறு கிடையாது, ஏணி கிடையாது. ஊரே நம்புகிறது. முதலில் நம்பாதது ஒரே ஒரு ஆள்தான்... அந்தப் பெண்ணேதான்.

ஆபேலும் டிரம்ஸ் ரஃபி அகமதுவும் ஷூ கம்பெனியில் சேர்ந்த காலத்திலிருந்து ஜாஸ் ராக் வாசிக்கிறார்கள். இருவருக்கும் ரிட்டயர்மென்ட் ஆகிவிட்டது. ஆபேலுக்குக் கல்யாணம்தான் ஆகவில்லை. இவர்கள் வாசிக்கும்போது ஜனங்கள் மும்முரமாகப் பிரியாணி சாப்பிடுவார்கள்.

"இன்னிக்கு ஒரு ஆளாவது காது குடுத்துக் கேக்கணும் ரஃபி. இல்லன்னா இதைப் பொட்டியில வச்சிப் பூட்டிடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆபேல் மேடையேறினார்.

கண்ணை மூடித் தனியாக ஊதினார் பாருங்கள்... அந்த நாதம் பள்ளிகொண்டா டோல்கேட்டைக் காசு கட்டாமலே தாண்டிவிட்டுத் திரும்பி வந்தது! வந்து சேர்ந்த நொடியில் படபடவென்று கைதட்டல். ஆனால் பாட்டு இன்னும் பாதிதான் ஆகியிருந்தது.

நம்ம ஊர் மேடையில் பாதியில் கைதட்டினால் என்ன அர்த்தம்? 'போதும், உட்காரு' என்றுதானே! எத்தனை பேச்சாளர்களை நாம் அப்படி உட்கார வைத்திருக்கிறோம்...

ஆபேல் நிறுத்தினார். ரஃபியின் குச்சி அந்தரத்தில் நின்றது. பேண்டே நின்றதும், கரண்ட்டில் ஏதோ கோளாறு என்று பயந்து ராட்டினக்காரர் தபரேஸ் மோட்டாரை நிறுத்தினார். பஜ்ஜிக் கடைக்காரர் அடுப்பை அணைத்தார்... ஏன் என்று அவருக்கே தெரியாது.

"யாரு கை தட்டினது?" மைக்கில் சீறினார் ஆபேல்.

"நான்தாங்க!"

குரல் வானத்திலிருந்து வந்தது. ராட்டினத்தின் உச்சிப் பெட்டியில் கிரேஸி. வேலூரில் நர்ஸ். காதோரம் லேசாக நரை. அவ்வளவு உயரத்திலும் அந்தக் கண்கள் ஆபேலுக்குத் தெரிந்தன... கண்ணாடி போடாமலே!

"புடிக்கலன்னா காதைப் பொத்திக்க வேண்டியதுதானே?"

"ஐயோ, புடிச்சதாலதாங்க தட்டுனேன்! ஜாஸ்ல ஒருத்தர் தனியா வாசிச்சு முடிச்சா தட்டுவாங்கல்ல? டெய்லி பஸ்ல போன்ல கேக்குறேனே!"

பாராட்டா, கிண்டலா? ஆபேலுக்கு ஒன்றும் புரியவில்லை. இதுவரை யாரும் தட்டியதில்லை என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. "கிண்டல் ஜாஸ்தி..." என்று முணுமுணுத்தபடி சாக்ஸபோனைக் கழுத்திலிருந்து கழற்றப் போனார்.

அப்போது பார்த்து மழை!

"பேஜார் பண்ணாதீங்க பாய், இறக்குங்க!" என்று மேலிருந்து கத்தினாள் கிரேஸி.

"பேண்டு மறுபடி வாசிக்கட்டும்மா! அப்பதான் கரண்ட் சரியா இருக்குன்னு அர்த்தம்!" என்றார் தபரேஸ்.

சீரியல் பல்பு வெளிச்சத்தில் அவள் இமையிலிருந்து மழை சொட்டியது... ஆபேலின் கை தானாகச் சாக்ஸபோனைத் தூக்கியது. ஊதினார். மோட்டார் விழித்தது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு சாணாக இறங்கி, கடைசி ஸ்வரத்தில் அவள் கால் தரையைத் தொட்டது.

நன்றி சொல்லத்தான் மேடைக்கு வந்தாள். ஆபேல் முந்திக்கொண்டார்.

"பாத்தீங்களா? ஊதியே இறக்கிட்டேன்!"

அவளுக்குச் சுருக்கென்றது. "ஹும்... மோட்டார் இறக்குச்சு."

ஆபேலின் முகம் சுருங்கியது. சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்தார். பூட்டினார். "இதோட சரி ரஃபி."

கிரேஸி கேட் வரை போய்விட்டாள். 'ஏன் அப்படிச் சொன்னேன்? இந்த வயசில் எதற்கு இந்தப் படபடப்பு?' தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தாள். ரஃபியின் டிரம்ஸைவிட வேகம்! நர்ஸுக்கே விளங்காத நோய்... திரும்பி வந்தாள்.

"பொட்டியைத் தொறங்க."

"இன்னாத்துக்கு?"

"நாளைக்கும் வாசிக்கணும். நாளைக்கும் வருவேன்... டெய்லி வருவேன்."

ஆபேல் விழித்தார். "டெய்லி ராட்டினம் ஏறவா?"

ரஃபி தலையில் அடித்துக்கொண்டார். "யா அல்லா! இவனுக்கு டியூன்தான் புரியும், பொண்ணுங்க பேசுறது புரியாது!"

"உங்களுக்காகங்க..." என்றாள் கிரேஸி.

பெட்டியின் பூட்டு மெல்லத் திறந்தது.

"அப்போ... மோட்டார்?"

கிரேஸி குனிந்துகொண்டாள். காதோர நரையிலிருந்து ஒரு துளி அவர் கைமேல் விழுந்தது.

"மோட்டார் இல்ல... நீங்கதான் இறக்குனீங்க."