ஏழாம் நம்பர் பிளக்

கைபேசி அலறியது.

கஜானி எடுத்தாள்.

"பிள்ளை... இண்டைக்குக் கோட்டுப் படி ஏறினியெண்டா, வீட்டை திரும்பி வரமாட்டாய்."

"ஆர் கதைக்கிறது?"

சிரிப்பு. இணைப்பு அறுந்தது.

யாரென்று அவளுக்குத் தெரியும். தம்பிஐயா! கள்ள மணல் ஏற்றும் ரிப்பர் லொறிகளின் முதலாளி. வழிமறித்த ஏரம்புக் கிழவரை அவன் ரிப்பரால் மோதிக் கொன்றதைக் கண்ணால் கண்டவள் கஜானி ஒருத்திதான். இன்று பருத்தித்துறைக் கோட்டில் சாட்சிக்கூண்டில் ஏறி அவள் வாய் திறந்தால் அவன் உள்ளே.

திறக்காமல் இருக்கவேண்டுமென்றால் அவள் உயிரோடு இருக்கக்கூடாது.

வாசலில் அவள் கணவன் சிவகரன் காரின் பொனற்றை மூடிக்கொண்டிருந்தான். இரண்டே சீற். கூரை கிடையாது. நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம், அவ்வளவுதான் எடை. பழைய ஸ்போர்ட்ஸ் கார்தான், ஆனால் எஞ்சினை வேகத்துக்காக முறுக்கி வைத்திருந்தான்.

"அவன்தான் எடுத்தவன்," என்றாள்.

சிவகரனின் முகம் கறுத்தது. "பொலிசுக்குச் சொன்னனீரோ?"

"ஓம். இன்ஸ்பெக்டர் எமில்ராஜ் வல்வெட்டித்துறையிலை நிக்கிறாராம். அங்கை போய்ச் சேருமட்டும் நாங்கள் தனியத்தான் போகவேணும். கார் ஓடுமே?"

"ஏன் ஓடாது? இப்பதான் எஞ்சினுக்குப் புது ஸ்பார்க் பிளக் போட்டனான். ஐஞ்சாம் நம்பர்."

கஜானி நின்றுவிட்டாள்.

"நான் ஏழாம் நம்பர் எல்லே வாங்கித் தந்தனான்? ஐஞ்செண்டது சூட்டுப் பிளக். உந்த எஞ்சினை விரட்டினா பிளக் நுனி பழுத்து, நேரத்துக்கு முந்தி வெடிக்கும். பிஸ்டன் ஓட்டையாப் போகும்."

"ஏழெண்டது குளிர்ப் பிளக். கரி பிடிச்சு நிண்டுபோகும். பெற்றோல் தடைக் காலத்திலை அப்பா மண்ணெண்ணெயிலை கார் ஓடினவர். ஏழைப் போட்டா ரெண்டு கட்டைத் தூரம் தாண்டாதாம்."

"அது மண்ணெண்ணெய். இது பெற்றோல் எல்லே?"

"எனக்குச் சொல்லித் தாறீரோ? உம்மடை ஏழு டிக்கியிலை கிடக்கு. ஏறும்."

ஏறினாள். சண்டை பிடிக்க நேரமில்லை.

கோட்டுக்கு முன் சந்நிதி முருகனுக்குக் கற்பூரம் கொளுத்துவதாக அவள் நேர்ந்திருந்தாள். தொண்டைமானாற்றில் கோயில் வீதியோரம் காரை விட்டுவிட்டு இருவரும் உள்ளே போனார்கள்.

பூசை மணி கேட்டது.

அவர்களைப் பின்தொடர்ந்து வந்த, வேட்டி கட்டிய ஒருவன் பொனற்றைத் தூக்கினான்...

தம்பிஐயா!

சைக்கிளில் வந்த ஒருவன் காலை ஊன்றினான். "என்ன அண்ணை, கார் பிழைச்சுப்போச்சோ?"

"ஓம் தம்பி, சின்ன வேலை."

"உதவிக்கு நிக்கட்டோ?"

"வேண்டாம். இப்ப முடிஞ்சிடும்."

பிரேக்கை அறுத்தால் பொலிஸ் கண்டுபிடித்துவிடும். ஆனால் டிக்கியில் ஏழாம் நம்பர் பிளக் நாலு கிடந்ததே! தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்க் கார் ஓடிப் பிழைத்தவன் தம்பிஐயா. குளிர்ப் பிளக் என்ன செய்யும் என்று அவனுக்கா தெரியாது? ஏரிக்கரை வீதியில் கார் இருமும். நிற்கும். பின்னால் மணல் ரிப்பர் வரும். கேட்டால், ரிப்பருக்குப் பிரேக் பிடிக்கவில்லை ஐயா... விபத்து!

எஞ்சின் சூடு விரலைச் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நாலையும் மாற்றினான். கழற்றிய ஐந்தாம் நம்பர்களை வேட்டி மடிக்குள் செருகினான்.

விபூதியோடு வந்தவர்கள் காரைக் கிளப்பினார்கள்.

ஏரிக்கரை வீதி. ஆள் அரவமில்லை.

"பின்னாலை பாருங்கோ..."

கண்ணாடியில் ரிப்பர் பெருத்துக்கொண்டே வந்தது.

"கண்டிட்டன்."

"மிதியுங்கோ."

"மிதிச்சா பிஸ்டன் போயிடுமெண்டனீர்?"

"மிதிக்காட்டி நாங்கள் போயிடுவம்."

மிதித்தான். கஜானி எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். இப்போது பிஸ்டன் தட்டத் தொடங்கும்... இப்போது...

தட்டவில்லை. கார் பறந்தது.

ரிப்பருக்குள் தம்பிஐயா பல்லை நெரித்தான். "இரும்புச் சனியனே, நில்லன்... நில்!"

நிற்கவில்லை. அவன் இன்னும் அழுத்தினான். வளைவு வந்தது. பாரமில்லாத கார் வழுக்கிக்கொண்டு திரும்பிவிட்டது. மணல் பாரத்தோடு வந்த ரிப்பர் திரும்பவில்லை.

ஏரித் தண்ணீர் பனையளவு எழும்பியது.

எமில்ராஜ் வந்து சேர்ந்தபோது, மீனவர்கள் தம்பிஐயாவைக் கரையில் இழுத்துப் போட்டிருந்தார்கள்.

"பிரேக் பிடிக்கேல்லை ஐயா. விபத்து."

"இல்லையெண்டு காட்ட எங்களிட்டை ஒண்டும் இல்லையே," என்று எமில்ராஜ் கஜானியிடம் முணுமுணுத்தார்.

தம்பிஐயாவின் கண் காரிலேயே நின்றது. அவனால் பொறுக்க முடியவில்லை.

"ஏழாம் நம்பர் போட்ட கார்... எப்பிடி உந்த ஓட்டம் ஓடினது?"

சிவகரன் திடுக்கிட்டான். "ஏழோ? நான் போட்டது ஐஞ்செல்லோ!"

ஓடிப்போய் டிக்கியைத் திறந்தான். வெறுமை.

"மடியை அவிழும்," என்றார் எமில்ராஜ்.

ஐந்தாம் நம்பர் பிளக் நாலும் மணலில் விழுந்தன.

தம்பிஐயா வாயை மூடிக்கொண்டான். கொஞ்சம் பிந்திவிட்டது.

சிவகரன் குனிந்து ஒரு பிளக்கை எடுத்தான். "ஐஞ்சோடை இந்த ஓட்டம் ஓடியிருந்தா...?"

"நடுவீதியிலை நிண்டிருப்பம். ரிப்பர் ஏறியிருக்கும்."

"அப்ப... நான் போட்ட பிளக்தான் உம்மடை உயிரை எடுத்திருக்கும்."

கஜானி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, விலங்கு மாட்டப்பட்ட தம்பிஐயாவைப் பார்த்தாள்.

"இனி பிளக் மாத்திறதெண்டா உவரையே கூப்பிடுவம்... பிணை கிடைச்சா!"