பொடி சாயும் பக்கம்

உலர்த்தும் எந்திரத்திலிருந்து குப்பிகளைத் தட்டோடு வெளியே எடுத்தபோது, எல்லாவற்றிலும் வெள்ளைப் பொடி ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தது. கதவுப் பக்கமாக.

நடுவில் நிற்க வேண்டிய சமாச்சாரம் அது. மருந்தைத் தூசியைவிடச் சிறிய நானோ துகள்களில் அடைத்து, சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, உறைய வைத்து, ஈரத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்தால் குப்பியின் அடியில் பஞ்சு வில்லை போல உட்கார்ந்துவிடும். சர்க்கரை குறைந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டிப்போகும், அப்புறம் குப்பைக்குத்தான். அவள் சர்க்கரையில் குறை வைக்கவில்லை. அக்காவுக்கான மருந்தாயிற்றே! அக்காவின் வயிற்றுக் கட்டியிலிருந்து கிள்ளியெடுத்த சதையை வைத்துப் பழக்கிய துகள்கள். அந்தக் கட்டியைத் தவிர வேறெதையும் தொடாதவை. நாளைக் காலை ஊசி. இதுவும் கேட்காவிட்டால் தன்னால் ஆகாது என்று மருத்துவர் கையை விரித்தாயிற்று.

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? சாப்பிட்டாள், தூங்கினாள், சர்க்கரையை நிறுத்துப் போட்டாள். தினமும் அக்காவின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பாழாப்போன நோவு எனக்கு வந்து தொலையக் கூடாதா" என்றாள். மனதாரத்தான் ஆரம்பித்தாள், பிறகு பழக்கமாகிவிட்டது.

மேசை சரிவாக இருக்கும் என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். குமிழி நட்டநடுவில் நின்றது. சனியன், என்று தட்டைத் திருப்பி வைத்துவிட்டுக் கைகழுவப் போனாள். விடுமுறை நாள், ஜன்னல் இல்லாத அறை, மூலையில் உறிஞ்சு பம்ப் சூடான எண்ணெய் நாற்றத்தோடு ஓயாமல் முனகிக்கொண்டிருக்க, வெளியே பகலா இருட்டா என்பதுகூடத் தெரியாமல், குளிரில் விறைத்த விரல்களை வெந்நீரில் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்து பார்த்தாள். பொடி மறுபடியும் கதவுப் பக்கம்.

கதவுக்கு அப்பால் நடை. நடையின் கோடியில் லிஃப்ட். மேலே அக்காவின் வார்டு.

"என்ன அவசரம்? நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்," என்றாள் குப்பிகளிடம். சிரிப்பு வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

கைப்பேசி அடித்தது. அக்கா.

"அடியே, இன்னும் வேலைதானா?"

"ஆமாக்கா. வலிக்குதா?"

"வலியே இல்லடி! இப்பத்தான், திடீர்னு. விலாவுக்குக் கீழ ஒரு பாரம் கிடந்துச்சே, அது எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கு. தடவிப் பாக்குறேன், குழியாயிருக்கு. ஐயோ, எனக்குப் பசிக்குதுடி!"

துள்ளிக் குதித்திருக்க வேண்டும் அவள். "நர்ஸக் கூப்பிட்டுச் சொல்லுக்கா," என்று மட்டும் வந்தது வாயில். கண் குப்பிகளிலேயே இருந்தது.

நடையின் கோடியில் லிஃப்ட் இறங்கி நின்றது. கதவு திறந்து, மூடியது. காலடிச் சத்தம் இல்லை. ஈரத் துணியைத் தரையில் இழுப்பது போல ஒன்று, கொஞ்சம் நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தது. பொடியும் குப்பிக்குள் கண்ணாடியோரமாக அதனோடு நகர்ந்தது.

சத்தம் கதவடியில் நின்றது. கதவு திறக்கவில்லை. ஆனால் எண்ணெய் நாற்றத்தை மீறி ஒரு வாசம் உள்ளே வந்தது. அக்காவின் தலையணை வாசம்.

குப்பிகளில் பொடி சுவர்ப் பக்கம் சாய்ந்தது. பிறகு மேசைக் கால் பக்கம்.

கும்பிடப் போன சாமி குறுக்கே வருமென்பார்கள். தேடிப் போகவேண்டிய மருந்து இங்கே. அது தேடுவது இங்கேயே வந்துவிட்டது.

கணுக்காலில் ஈரம். குனிந்து பார்க்கவில்லை. பயம் எங்கோ அடுத்த வீட்டில் அழும் குழந்தை போலக் கேட்டது.

ஈரம் போய்விட்டது.

பொடி அவளைப் பார்த்து நின்றது. இடப்பக்கம் நகர்ந்தாள். நகர்ந்தது. வலப்பக்கம். நகர்ந்தது.

"லைன்ல இருக்கியாடி? நாளைக்கு வீட்டுக்குப் போலாமா?"

"போலாம்க்கா."

இடது விலாவுக்குக் கீழே ஒரு பாரம், பழகிய படுக்கையில் போல, புரண்டு படுத்தது. தட்டில் ஒரு குப்பியின் ரப்பர் மூடி மெல்ல எழும்பியது. அடுத்ததும். அதற்கடுத்ததும்.